மாரிக்குள் கொஞ்சம் கோடை

மழை தொடங்கின முதல் கிழமையே எங்கட ஆக்கள் போடுற ஸ்டேட்டஸ் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். யன்னல் கம்பியில் வழியும் தண்ணி, ஒரு கப் பிளேன்டி, பின்னணியில் இளையராஜா. மார்கழி முடியும்வரை இதுதான். மழைக்கு இவ்வளவு ரசிகர்கள் இருக்கிற ஊரில் வெயிலுக்கு ஏன் ஒருவர்கூட இல்லை? ஏப்ரல் வந்தால் "என்ன வெக்கையப்பா" என்பதோடு எங்கட இயற்கை ரசனை முடிந்துவிடுகிறது. செப்டெம்பர் மட்டும் அதே வசனம். பிறகு திரும்பவும் மழை, பிளேன்டி, இளையராஜா.

நான் மழைக்கு எதிரி இல்லை. ஆனால் கோடையைப் பற்றி நினைக்கச் சரியான காலம் மாரிதான் என்பது என்ர கட்சி. கோடைக்குள் நிற்கும்போது கோடை தெரியாது, வியர்வைதான் தெரியும். அது போன பிறகு, ஈரம் காயாத உடுப்புகளுக்கு நடுவில் இருந்து பார்க்கும்போதுதான் அதன் சின்னச் சின்ன விசயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படி வருவதை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். எங்களுக்கு 'விண்டர்' இல்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் ஜனவரியில் மைனஸ் 20 என்று ஸ்கிறீன்ஷொட் அனுப்புவாள். அடுத்த மெசேஜில் போன ஜூலை ஏரிக்கரையில் கால் நனைத்த படம் வரும். அவளுக்கு அது நியாயமான ஏக்கம். ஆறு மாதம் மரத்தில் இலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஒரு பச்சை இலையை நினைப்பதை யாரும் விளங்கிக்கொள்ளலாம். மட்டக்களப்பில் மார்கழி விடியற்காலை 23 பாகை. அதற்கே நாங்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு லெக்சருக்குப் போகிறோம். ஆனாலும் எங்களுக்கும் ஒரு நீளமான, சாம்பல் நிறமான காலம் இருக்கிறது. அதன் பெயர் மாரி.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆறு பெரும்பொழுதும் இங்கே சரிவராது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று மனப்பாடம் பண்ணினோம். எங்கட பக்கம் ஆவணி, புரட்டாசியில் கார்மேகம் தேடினால் குளத்தில் மாடு கால் நனைக்கவும் தண்ணி இருக்காது. மழை ஐப்பசியில் எட்டிப்பார்த்து, கார்த்திகை, மார்கழியில் கொட்டி, சில வருடங்களில் தை முழுக்கவும் நிற்கும். அந்தப் பகுப்பு பிழை என்றில்லை, அது வேறொரு நிலத்தின் வானத்தைப் பார்த்துச் சொன்னது. எங்கட ஆக்கள் காலத்தைப் பிரித்தது காற்றை வைத்துத்தான். கச்சான், வாடை, கொண்டல். வடக்கில் என்றால் சோளகம். கச்சான் மேற்கே இருந்து காடும் வயலும் கடந்து சூடேறி வரும் காற்று. வைகாசி தொடக்கம் வெளியில் காயப்போட்ட உடுப்பை அரை மணித்தியாலத்தில் மொறுமொறு என்று ஆக்கிவிடும். இன்றைக்குக் கச்சான் என்றால் எங்கட வயசுக்காரருக்குத் திருவிழாவில் சுருளில் கட்டித் தருகிற கடலை மட்டும்தான். என்ர தம்பியிடம் "கச்சான் அடிக்குது" என்றேன். "எங்க, எவ்வளவு?" என்றான். சிரித்தேன்தான். ஆனால் ஒரு காற்றின் பெயர் ஒரு வீட்டுக்குள்ளேயே இப்படித் தொலைந்திருக்கிறது.

முந்தின தலைமுறைக்குக் கோடையை நினைக்கிறதுக்குத் தனியாக ஒரு மனநிலை தேவைப்படவில்லை. அவர்கள் கோடையைச் சாப்பிட்டார்கள். யோசித்துப் பாருங்கோ, மாரிக்கு என்று வீட்டில் எடுத்து வைக்கிற எல்லாமே அடைத்து வைத்த வெயில்தான். மோர்மிளகாய்: மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவிட்டு, பகல் முழுக்க வெயிலில் பரப்பி, பின்னேரம் திரும்ப மோருக்குள் போட்டு, அடுத்த நாள் திரும்ப வெயில். மோர் வற்றி மிளகாய் வெளிறும்வரை இதே வேலை. யாழ்ப்பாணத்தில் வேப்பம்பூ வடகம். வேம்பு பூக்கிறபோது மரத்துக்குக் கீழே துணி விரித்துப் பூவைச் சேர்த்து, உளுந்தோடு குழைத்துத் தட்டிக் காயவைத்தது. பனம்பழத்துக் களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்ட பினாட்டும் அப்படித்தான். ஒரு துண்டு பினாட்டு ஆவணி மாதத்து வெயில் எத்தனையோ நாள் சேர்ந்தது. மார்கழியில் அதைக் கடிக்கிறவருக்கு "கோடையை நினைவுகூர்வோம்" என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

கருவாடு இன்னும் நேரடியான கதை. வடகீழ்ப் பருவக்காற்றோடு கிழக்குக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் வள்ளங்கள் கரையேறிவிடும். கோடையில்தான் இங்கே கடல் படுத்திருக்கும். அந்த நேரம் மேற்குக் கரையில் கடல் குழம்பியிருப்பதால் நீர்கொழும்புப் பக்கத்தில் இருந்து மீனவர்கள் வந்து எங்கட கரையில் வாடி போட்டுத் தங்குவார்கள். கரைவலை இழுக்கிற நாட்களில் மீன் மலிந்துபோகும். மலிந்த மீனை என்ன செய்வது? உப்பு, வெயில், மணல். வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காத மழைக்காலத்தில், அடை மழைக்குள் அடுப்பில் கருவாடு சுடுகிற மணம் வந்தால், அது வைகாசிக் கடற்கரையின் மணம். கோடையும் மாரியும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கிய வீடுகள் அவை.

இப்ப ஃபிரிட்ஜ் இருக்கிறது, கூல் ஸ்பொட்டில் எல்லா மாதமும் ஒரே ஐஸ்கிறீம் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கட நினைவை முன்னர் போத்தலும் பானையும் சுமந்தன. இப்ப அதை நாங்களே சுமக்கவேண்டியிருக்கிறது. சுமக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நான் சுமக்க விரும்புகிற சிலதைச் சொல்கிறேன். முதலாவது பாலைப்பழம். வாகரைப் பக்கத்துக் காட்டில் இருந்து வைகாசி, ஆனியில் வரும். றோட்டோரத்தில் குவித்து வைத்துச் சுண்டால் அளந்து விற்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவு, மஞ்சள், உள்ளே பால். நாலு பழம் தின்றால் உதடு ஒட்டும், ஒரு கைப்பிடி தின்றால் வாயைத் திறக்கவே பஞ்சியாக இருக்கும். வீட்டில் அம்மம்மா தேங்காயெண்ணெயைத் தொட்டு உதட்டில் தடவிவிட்டு "இன்னும் வேணுமா புள்ள?" என்று கேட்பா. வாயைத் திறக்க ஏலாத ஆளிடம் கேட்கிற கேள்வியா அது! கரடிக்கும் இந்தப் பழம் என்றால் உயிர். வில்பத்துவிலும் யாலவிலும் ஜூன், ஜூலையில் கரடி பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது பாலை மரத்தைத்தான். ஆகவே பழம் பறிக்கக் காட்டுக்குப் போகிறவர் ஒரு கண்ணை மரத்தின் மேலும் மற்றக் கண்ணைப் பற்றைக்குள்ளும் வைத்துக்கொண்டு போகவேண்டும். அந்தப் பயமும் அந்தச் சுண்டுக்குள் அளக்கப்பட்டு வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது மணல். கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வளர்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. பகல் 1 மணிக்கு அந்த வெள்ளை மணலில் செருப்பில்லாமல் பத்து அடி நடக்கேலாது. இரவு 8 மணிக்கு அதே மணலில் பாயை விரித்தால் மேல் மணல் குளிர்ந்திருக்கும், விரலை உள்ளே விட்டால் பகல் இன்னும் சூடாக இருக்கும். ஒரு விரல் ஆழத்தில் இரண்டு நேரம். இதைவிடச் சின்ன விசயம் இருக்க முடியாது. ஆனால் மழை நாளில் மணல் கனத்து ஒட்டும்போது எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

மூன்றாவது வாவி. "மீன்பாடும் தேன்நாடு" என்று எங்கட ஊர்ப் போர்ட் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறோம். அந்தப் பாட்டு கேட்கிறது கோடையில் என்பதை எத்தனைபேர் யோசித்திருக்கிறோம்? ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரையான அமைதியான நிலவு இரவுகளில், பழைய கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள் என்பது ஊர் வழக்கு. மீன்தான் பாடுகிறது என்பார் ஒருவர், ஊரி என்பார் இன்னொருவர். யார் பாடினாலும், வெள்ளம் ஓடுகிற மார்கழி வாவியில் அதைக் கேட்க ஏலாது. 2013இல் திறந்த புதுப் பாலத்தின் வாகனச் சத்தத்துக்குள் கோடையிலும் கஷ்டம்தான். எங்கட ஊரின் அடையாளமே கோடை இரவின் ஒரு மெல்லிய சத்தம், நாங்களோ அதை ஒரு பெயர்ப்பலகையாக்கி வைத்திருக்கிறோம்.

வைகாசிச் சடங்கையும் சொல்லவேண்டும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியை ஆறவைக்கிற குளிர்த்தி வருசத்தின் கடும் சூட்டில்தான் நடக்கும். குளிர்த்திப் பாட்டு முடிந்து வேப்பிலையால் தண்ணி தெளிக்கும்போது முகத்தில் இரண்டு துளி படும். அந்தத் துளிக்காகத்தான் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கும். குளிர் என்பதன் அருமை எங்களுக்குத் தெரிவது வைகாசியில். சூடு என்பதன் அருமை மார்கழியில்.

இனிக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

இதை எழுதப்போகிறேன் என்று பெச்சில் ஒரு சினேகிதனிடம் சொன்னேன். அவன் வன்னிப் பக்கம். "மே மாதத்தை வச்சுக்கொண்டு பாலைப்பழத்தைப் பற்றி எழுதப்போறியா?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அவன் கேட்டது சரி. எங்கட நாட்காட்டியில் இடமே இல்லை. 1978 கார்த்திகையில் சூறாவளி. 2004 டிசம்பர் 26 கடல். 2011 ஜனவரி வெள்ளம். 2024 நவம்பரில் திரும்ப வெள்ளம். மாரி முழுக்க இப்படி. கோடைக்குள் போனால் 2009 மே நிற்கிறது. கிழக்கில் 2006 கடைசியும் 2007 தொடக்கமும் வாகரைச் சனம் கையில் எடுத்ததோடு நடந்த காலம். எங்கட வயசுக்காரருக்கு இதில் பாதி ஞாபகத்தில் இல்லை, மீதி ஞாபகமா அம்மா சொன்ன கதையா என்று பிரிக்கத் தெரியாது. ஆனாலும் மாதத்தின் பெயரைச் சொன்னவுடன் முதலில் வந்து நிற்பது இவைதான். நிற்கத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு "கோடை எவ்வளவு அழகு" என்று எழுதுகிறவரோடு நானும் சண்டைக்குப் போவேன்.

ஆனால் பெரிய திகதிகளை நினைப்பதற்கு நாங்கள் சின்னதுகளைப் பலி கொடுக்கவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா வாகரைப் பக்கம். முகாமில் இருந்த காலத்தைப் பற்றி ஒருநாள் கதைக்கும்போது, எதை இழந்தோம் என்ற பட்டியலில் வீடு, மாடு, வள்ளம் எல்லாம் சொல்லிவிட்டு, "அந்த வருசம் பாலைப்பழம் தின்னயில்ல" என்றா. தோழி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அந்த வசனம் வீடு போனதைவிடக் கூடுதலாக விளங்கியது. வீடு எத்தனை வீடு என்று அறிக்கையில் இருக்கும், நட்டஈட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். தின்னாமல் போன ஒரு வருசத்துப் பழத்துக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? போர் எங்களிடம் இருந்து என்ன எடுத்தது என்று முழுசாகச் சொல்லவேண்டும் என்றால், முன்னம் என்ன இருந்தது என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். பாலைப்பழத்தை நினைப்பவர் மே மாதத்தை மறந்தவர் இல்லை. இதைத்தான் அவனுக்குப் பிறகு சொன்னேன். "ம்" என்றான். அதற்கு அடுத்த கிழமை, வன்னியில் உலுவிந்தம்பழம் எந்த மாதம் என்று கேட்காமலே வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினான்.

இன்னொரு ஆட்சேபமும் இருக்கிறது. இது என்னை நானே கேட்டது. கோடையை ரசிக்கிற உரிமை யாருக்கு? பவுசர் வரும் என்று வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற படுவான்கரைப் பெண்ணுக்கு ஆவணி மாதம் அழகா? தண்ணியும் தீனியும் தேடி யானை ஊருக்குள் வருகிற காலம் அது. வேளாண்மைக்காரன் வயல் வாடியில் கண்விழித்துக் கிடக்கிறான். செங்கல் சூளையில் நிற்கிறவருக்கு வெயில் ஒரு கவிதை இல்லை. உண்மை. அதனால்தான் நான் 'கோடை' என்று மொத்தமாகப் புகழ விரும்பவில்லை, சின்னத் துண்டுகளாக எடுக்கிறேன். ஒரு விரல் ஆழத்து மணல், முகத்தில் பட்ட இரண்டு துளி. இவை யாருடைய கஷ்டத்தையும் மூடாது. அந்தப் பெண்ணிடமும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும், நாங்கள்தான் கேட்பதில்லை. தண்ணிப் பிரச்சினை பற்றிக் கணக்கெடுப்பு நடத்தப்போகிற எங்கட கலைப்பீடத்து மாணவர்கள் (நானும் போயிருக்கிறேன்) கேள்விக்கொத்தில் இருக்கிறதை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பி வருகிறோம். நாட்டார் பாடல் என்றால் ஓடிப்போய் ரெக்கோர்ட் பண்ணுவோம். பூவலில் ஊறின தண்ணியை முதல் சிரட்டை அள்ளிக் குடிக்கிற ருசி பற்றி யாராவது சொன்னால் அது 'தரவு' இல்லை.

தரவுதான் என்று நான் சொல்கிறேன். பாலை மெதுவாக வளர்கிற, வைரமான மரம். வெட்டினால் அடுத்த தலைமுறைக்குக்கூட அந்த இடத்தில் பெரிய மரம் வராது. பழத்துக்காகக் கொப்போடு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், பலகைக்காக அடியோடு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வளைவில் ஒரு பாலை நின்றது, ஆனி மாதம் அதன் கீழே மஞ்சளாகக் கிடக்கும் என்று ஒருவருக்காவது ஞாபகம் இருந்தால்தான், ஒருநாள் அங்கே மரம் இல்லாதபோது "எங்க போனது?" என்று ஒரு கேள்வி எழும். ஞாபகம் இல்லாத ஊரில் மரம் வெட்டுவது சுகம். முறைப்பாட்டுக் கடிதம் எழுத முதல் அந்த மரம் இருந்தது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, மழை பெய்து கரண்ட் போய் எல்லோரும் ஒரு இடத்தில் இருக்கிற நேரம் பார்த்து, வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கோ. "கோடை எப்படி இருந்தது?" என்று கேட்கவேண்டாம், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்துவிடுவார்கள். "ஆனி மாதம் பின்னேரம் 5 மணிக்கு எங்க இருப்பீங்க?" என்று கேளுங்கோ. என்ர அம்மம்மாவிடம் கேட்டேன். குளம் வற்றி வெடித்த மண்ணில் நடந்தால் ஓடு ஓடாக நொறுங்கும், வெடிப்புக்குள் கையை விட்டால் ஈரம் இருக்கும், சிலவேளை விராலும் இருக்கும் என்றா. பாம்பு இருக்காதா என்று கேட்டேன். "இருக்கும்தான்" என்றா, பெரிய விசயமில்லாத மாதிரி. விரால் கதையை 3 தரம் சொன்னா. மூன்றாம் தரம் விரால் கொஞ்சம் நீண்டிருந்தது.

ஹொஸ்டலுக்கு வெளிக்கிடும்போது ஹோர்லிக்ஸ் போத்தலில் மோர்மிளகாய் தந்து விட்டா. இரண்டு கிழமையாக வெயில் இல்லை, ரூமில் நாலு பேரின் உடுப்பும் கயிற்றில் தொங்கி மணக்கிறது. போத்தலில் இப்ப மிச்சம் 11. வன்னிக்காரன் நேற்று இரண்டை எடுத்துவிட்டு ஒன்று என்று சொல்கிறான்.